இடது கீழ்க் கட்டம்

அலுவலகத்தில் அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளியியல் படித்தவன், அந்த மருத்துவ ஆய்வு நிலையத்தில் கணக்கு பார்க்க அவன் ஒருவன்தான் இருந்தான். கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கேட்டால் மட்டும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். "பெரும்புள்ளி வந்தாச்சா?" என்று யாரோ கிண்டலாக ஆரம்பித்தார்கள். நாளடைவில் 'பெரும்' உதிர்ந்துவிட்டது.

நிலையம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கீழ்த்தளத்தில் கண் கிளினிக். அதையும் சேர்த்துப் பதினோரு கிளினிக்குகளிலிருந்து அங்கே படங்கள் வரும். சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்குள்ளே, பின்சுவரில் இருக்கும் விழித்திரையின் படங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டம், அதில் வேரோடியது போல இரத்தக் குழாய்கள். நோய் ஏற ஏற, குழாய்களின் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். படத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணி எழுத வேண்டும். புது மருந்து எடுப்பவருக்குப் புள்ளி குறைகிறதா, பழைய மருந்து எடுப்பவருக்குக் குறைகிறதா என்பதுதான் ஆய்வு. எந்தப் படம் எந்த மருந்துக்காரருடையது என்பது எண்ணுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே விதி, எந்தக் கட்டத்திலாவது இருபதைத் தாண்டினால் அந்த நோயாளியை ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டு லேசர் வைக்க வேண்டும் என்பது.

எண்ணுவதற்கு இரண்டு பேர், அறிக்கைகளில் அவர்களுக்கு 'வாசிப்பாளர்கள்' என்று பெயர். மூத்தவர், புள்ளியின் அண்ணி. சொந்த அண்ணனின் மனைவி. பதினெட்டு வருடமாக இதே வேலை. அம்மா இறந்தபோது புள்ளிக்குப் பதினாறு வயது. அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அண்ணி, ஒரு வாரம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தை அவன் கையில் திணித்து, "மூலையில உக்காந்து அழுதது போதும், உனக்குத்தான் கணக்கு வருதே, அதைப் படி" என்றார். பிற்பாடு இந்த நிலையத்தில் ஆள் தேவை என்று அவனைக் கூட்டிவந்ததும் அவர்தான். அண்ணன், அண்ணி, அவன் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். புள்ளிக்கு மாடியறை.

அண்ணி படம் பார்க்கும் விதமே தனி. மற்றவர்கள் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு மூலை மூலையாகத் துழாவுவார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படத்தின் நடுவை மட்டும் பார்ப்பார். "நாம தேடக் கூடாது. பேசாம பாத்துட்டே இருந்தா அதுங்களே வந்து நிக்கும்" என்பார். சொன்னபடி வந்து நிற்கவும் செய்தன. மூன்று வருடத்துக்கு முன்பு, இருவர் எண்ணிக்கை மாறுபட்ட படங்களையெல்லாம் தலைமை மருத்துவரே உட்கார்ந்து திரும்பப் பார்த்தார். பத்துக்கு ஒன்பதில் அண்ணி சொன்னதே சரியாக இருந்தது. அன்றிலிருந்து மருத்துவர் ஒரு விதி போட்டார்: எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் மூத்தவர் சொன்னதே முடிவு. எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

இரண்டாமவள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை. முன்பு கண்ணாடிக் கடையில் இருந்தவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள். எண்ணியதையே இன்னொரு முறை எண்ணுவாள்.

மாதக் கடைசியில் புள்ளி இருவரின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு ஓர் எண் எடுப்பான். குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, உண்மையாக எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லும் எண் அது. ஒன்று என்றால் முழு ஒற்றுமை. பூஜ்யம் என்றால் இருவரும் நாணயம் சுண்டிப்போட்டு எழுதியிருக்கலாம். ஒரு வருடமாக அது 0.84-ஐ ஒட்டியே நின்றது. பிறகு 0.79. அடுத்த மாதம் 0.74. ஐந்தாவது மாதம் 0.61.

தலைமை மருத்துவர் தாளை மேசையில் தட்டினார். "இடைக்கால அறிக்கை போற நேரத்துல இது என்னங்க?"

"யாரோ ஒருத்தர் மாறியிருக்காங்க" என்றான் புள்ளி.

"யாருன்னு சொல்லுங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

புள்ளி இரண்டு நாள் அதில் உட்கார்ந்தான். வித்தியாசம் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் புதுசின் எண்ணிக்கை கூடுதல், அண்ணியுடையது குறைவு. அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணியிடம் பேச்சுவாக்கில் கேட்டான்.

"அந்தப் பொண்ணு பயந்தவ தம்பி" என்றார் அண்ணி. "விட்டுட்டோம்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு தூசியக்கூட எண்ணுவா. நான் டாக்டர்கிட்டயும் சொன்னேன், இல்லாததை எண்ணுறான்னு."

புள்ளிக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் படவேண்டும் என்று மனம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது என்பதைப் பிறகுதான் அவன் ஒத்துக்கொண்டான். அறிக்கையில் ஒரு வரி எழுதினான்: 'இரண்டாம் வாசிப்பாளர் தொடர்ந்து மிகையாகக் கணக்கிடுகிறார்.' கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பத்து நாளில் புதுசின் ஒப்பந்தம் முடிந்தது. அதைப் புதுப்பிக்கவில்லை.

கடைசி நாளன்று அவள் அவன் அறை வாசலில் வந்து நின்றாள். தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். நான் அதிகமா எண்ணுறேன்னு எழுதியிருக்கீங்க. நான்தான் அதிகமா எண்ணுறேனா, அக்கா கம்மியா எண்ணுறாங்களான்னு உங்க கணக்குக்கு எப்படித் தெரியும்?"

புள்ளி நாற்காலியை விட்டு எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. "அவங்க பதினெட்டு வருஷமா பாக்கறாங்கம்மா."

"அது உங்க கணக்குல வருதா சார்?"

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. குளிக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது. இரண்டு அளவுகளை ஒப்பிட்டால் அவை ஒத்துப்போகவில்லை என்று தெரியும். எது கோணல் என்று தெரிய மூன்றாவதாக ஒன்று வேண்டும். முதல் வருடப் பாடம். அந்த மூன்றாவதின் இடத்தில் அவன் அண்ணியை வைத்திருந்தான். ஒப்பிட வேண்டிய இருவரில் ஒருவரையே தராசாகவும் வைத்திருந்தான்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டான். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிடப் போகாமல், ஐந்து மாத எண்ணிக்கையையும் கட்டம் கட்டமாகப் பிரித்தான். அதுவரை நான்கையும் கூட்டித்தான் ஒப்பிட்டு வந்தான். பிரித்ததும் முதுகு நிமிர்ந்தது. இடது மேல் 0.86. வலது மேல் 0.85. வலது கீழ் 0.84. மூன்று கட்டத்திலும் இருவரும் பழைய மாதிரியே ஒத்துப்போனார்கள். இடது கீழ்க் கட்டத்தில் மட்டும் 0.12.

பயந்தவள் நான்கு கட்டத்திலும்தானே பயப்படுவாள்?

முதலில் அவன் நினைத்தது திரையைத்தான். புதுசின் திரையில் அந்த மூலையில் ஏதாவது கறை இருந்து, அதைப் புள்ளி என்று எண்ணியிருப்பாளோ? காலியாகக் கிடந்த அவள் மேசைக்குப் போனான். திரையைப் போட்டு வெள்ளையாக்கிப் பார்த்தான். ஈரத்துணியால் அந்த மூலையைத் துடைத்தான். துணியில் ஒன்றும் வரவில்லை. திரை பளிச்சென்று இருந்தது. அவள்தான் தினமும் துடைப்பாள் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

பிறகு அவனே ஆறு படங்களை எடுத்து, புதுசைப் போல மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினான். அவன் எண்ணுவதில் தேர்ந்தவன் இல்லை. ஆனாலும் இடது கீழே புள்ளிகள் இருந்தன. ஒரு படத்தில் பதினேழு எண்ணினான். புதுசு இருபத்திரண்டு எழுதியிருந்தாள். அண்ணி நான்கு எழுதியிருந்தார்.

அண்ணியின் திரை அதே அறையில் ஜன்னல் பக்கம் இருந்தது. அண்ணி சாப்பிடப் போயிருந்தார். அதையும் துடைத்தான். அதிலும் கறை இல்லை.

மறுநாள் அவன் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே மாதிரி எண்ணிய அறுபது பழைய படங்களை எடுத்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. ஒன்றை அப்படியே விட்டான். மற்றதை அரை வட்டம் திருப்பினான். நேராக இருந்தபோது வலது மேலே இருந்த புள்ளிகள் இப்போது இடது கீழே வரும். புது எண்கள் கொடுத்து, அண்ணியின் அன்றாடப் படங்களுக்கு நடுவே ஐந்து நாளுக்குப் பிரித்துக் கலந்துவிட்டான். படத்தில் கோளாறு என்றால் படத்தோடு சேர்ந்து அதுவும் திரும்பும். பார்க்கிறவரிடம் கோளாறு என்றால், படத்தை எப்படித் திருப்பினாலும் அது இடது கீழேயே நிற்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அண்ணி சொன்னார்: "இந்த வாரம் வர்ற படமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு தம்பி. குழாய் ஓடுற விதமே சரியில்ல. யாரோ கேமராவைத் தலைகீழா பிடிக்கிறாங்க. எந்த கிளினிக்குன்னு பாரு."

புள்ளி தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்தான். "பாக்கறேன் அண்ணி."

திருப்பியதையே கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு கெட்டிக்காரி. ஒரு கணம் அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தான் பயந்தது வீண் என்று நினைத்தான். அதற்குள் அண்ணன் எதிரே இருந்து, "உங்க அண்ணிக்குக் கோபம் வந்தா யாரும் தப்ப முடியாதுடா. ஆனா நடக்கறதுதான் குடிச்சவன் மாதிரி. நேத்து சோபா முனையில இடிச்சு, காலைப் பாரு, கன்னிப்போய் கிடக்கு" என்று சிரித்தார்.

"வயசாச்சுல்ல" என்றார் அண்ணி.

"எந்தக் கால்?" என்று கேட்டான் புள்ளி.

"இடதுகால். ஏன்டா?"

அவன் தண்ணீர்க் குவளையை எடுத்து, அண்ணியின் தட்டுக்கு இடது பக்கம், மேசை விளிம்பை ஒட்டி வைத்தான். அண்ணி சாப்பிட்டு முடித்து, "தண்ணி எங்கே, வைக்கலையா?" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். அண்ணன் அந்தக் குவளையைப் பார்த்தார். புள்ளியைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நேரான படங்களில் இடது கீழே நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் பிடித்திருந்தார். திருப்பிய படங்களிலும் இடது கீழேதான் முப்பத்தொன்று. நேராக இருந்தபோது விட்டுப்போன அதே புள்ளிகள், வலது மேலே போனதும் அவர் கண்ணில் சிக்கின. இதைச் சரிபார்க்க ஒரு புள்ளியியல் சோதனையும் போடத் தேவையில்லாத அளவுக்கு வெளிச்சமாக இருந்தது. ஆனாலும் அவன் போட்டான். மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தான். எதிலாவது தப்பு கிடைக்காதா என்று.

சனிக்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போன பிறகு, ஒரு தாளை எடுத்துக்கொண்டு கீழே வந்தான். அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க."

தாளில் நான்கு கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஓர் எண் எழுதியிருந்தான். நூற்றுக்கு எத்தனை பிடிபட்டது என்ற எண்.

அண்ணி மடியில் தாளை வைத்துப் பார்த்தார். "தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்திநாலு. யாருது இது? நல்லாத்தான் பாத்திருக்காங்க. கடைசிக் கட்டத்துல ஏன் எழுதாம விட்டுட்டே?"

"எழுதியிருக்கேன் அண்ணி."

"எங்கே எழுதியிருக்கே? காலியா இருக்கு."

அண்ணி தாளைத் தூக்கிப் பிடித்தார். தலையைச் சாய்த்தார். தாளை வலது பக்கமாக நகர்த்தினார். அப்போது அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கை அப்படியே நின்றது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். திரும்ப நகர்த்தினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். அத்தனை வருடம் படம் பார்த்தவருக்கு விளக்கிச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

"எத்தனை மாசமா?" என்றார்.

"அஞ்சு."

"அந்தத் தலைகீழ்ப் படமெல்லாம் நீ வச்சதா?"

"ஆமா அண்ணி."

மடித்து வைத்திருந்த துணி ஒன்றை அண்ணி எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார். "என்கிட்ட நேரா வந்து கேட்டிருக்கலாம். அண்ணி, உங்களுக்குக் கண்ணு சரியா தெரியுதான்னு. ஒரு வாரம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே என்னை எண்ணிக்கிட்டு இருந்திருக்கே."

"சொல்லிட்டா சோதனை சோதனையா இருக்காது அண்ணி. நீங்க ஜாக்கிரதையா பாத்துடுவீங்க."

"அது சரி. வேலைக்கு அது சரி" என்றார். அவனைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "அந்தப் பொண்ணு?" என்றார்.

"போய் ஒரு மாசம் ஆச்சு."

"இல்லாததை எண்ணுறான்னு நான்தானே சொன்னேன்." அப்போதுதான் அவர் அழுதார். தன் கண்ணுக்காக ஒரு சொட்டு விடாதவர், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அதற்காக அழுதார். "டாக்டர் ரூமுக்குள்ள போய்ச் சொன்னேன் தம்பி. சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

திங்கட்கிழமை கீழ்த்தளக் கிளினிக்கில் பார்வைப் பரப்புச் சோதனை எடுத்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவையே பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். புள்ளி பக்கத்தில் நின்றான். மூலையில் மின்னிய வெளிச்சங்களை அவனால் பார்க்க முடிந்தது. அண்ணியின் விரல் பொத்தான் மேல் அசையாமல் இருந்தது. வலது கண், இடது கண் இரண்டிலும் ஒரே மூலை கறுத்து வந்தது. இரண்டு கண்ணிலும் ஒரே இடம் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்று பரிசோதித்தவர் சொன்னார். ஸ்கேனில், இடது பக்கத்துப் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில், தலையின் வலது பின்பக்கம், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை, மெதுவாக வளர்கிற சாதுவான ஜாதி. அதனால்தான் மூலை கொஞ்சம் கொஞ்சமாக, சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் நிலைமை வேறு என்றார்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் புள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கணக்கு இல்லன்னா இவ போயிருப்பாடா." புள்ளி கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அந்த நன்றி அவனுக்குத் தாங்கவில்லை.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுவதும் வந்துவிட்டது. மூலை திரும்பவில்லை, விளிம்பில் கொஞ்சம் மங்கலாக வெளுத்ததோடு சரி.

தலைமை மருத்துவர் அண்ணியை இரண்டு முறை வந்து பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு புள்ளியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அறிக்கை போயாச்சு. அதை இப்ப மாத்தணுமா? யோசிச்சுச் சொல்லுங்க. புது மருந்துக்காரங்க படத்துலயும் அந்த மூலை விட்டுப்போயிருக்கு, பழைய மருந்துக்காரங்க படத்துலயும் விட்டுப்போயிருக்கு. ரெண்டு பக்கமும் சமமா போனா மருந்துகளுக்கு நடுவுல உள்ள வித்தியாசம் அப்படியேதானே இருக்கும்?"

புள்ளி அதை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தான். "நீங்க சொல்றது சரிதான் சார். புது மருந்து கொஞ்சம் நல்லா வேலை செய்யுது, அந்த முடிவு பெருசா மாறலை."

"அப்புறம் என்ன?"

"இருபதைத் தாண்டினா கூப்பிடணும்னு ஒரு விதி இருக்கே. இடது கீழே மட்டும் தாண்டினவங்க பதினேழு பேர். புதுசு பதினேழு பேரையும் எழுதியிருக்கா. அண்ணி சொன்னதே முடிவுன்னு நாம யாரையும் கூப்பிடலை."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேரெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றார் கடைசியில். அன்று மத்தியானமே கிளினிக்குகளுக்குத் தொலைபேசி போனது. பதினைந்து பேருக்கு லேசர் வைத்துவிட்டார்கள், நேரம் இருந்தது. இரண்டு பேருக்கு ஒரு கண்ணில் ஏற்கெனவே உள்ளே இரத்தம் கசிந்து பார்வை போயிருந்தது.

புதுசைத் தேடிக்கொண்டு புள்ளி அவளுடைய பழைய கண்ணாடிக் கடைக்குப் போனான். அங்கேயே திரும்பச் சேர்ந்திருந்தாள். உள்ளே லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள், விரல் நுனியெல்லாம் வெள்ளை மாவு. அவன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். இயந்திரத்தை அணைக்காமலே கேட்டாள்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நடக்கறாங்க. படம் பாக்க முடியாது இனிமே."

"ம்."

"டாக்டர் உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். மூத்தவர் இடத்துக்கு."

அவள் லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்த்தாள். "அந்தப் பதினேழு பேரை நான் எழுதினேன் சார். எழுதிட்டு, அக்கா நாலுன்னு போட்டிருக்காங்களே, எனக்குத்தான் பைத்தியமோன்னு திரும்பப் போய் எண்ணினேன். வீட்டுல படுத்தா கண்ணை மூடினா சிவப்புப் புள்ளிதான். என் பொண்ணுகிட்ட கேட்டேன், அம்மாவுக்கு ஏதாவது இல்லாததெல்லாம் தெரியுதாடின்னு. நான் அங்க வரலை."

"சரி."

"என்னைப் பத்தி எழுதின வரி இருக்கே, அதை என்ன பண்ணினீங்க?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தா போதாது சார். எடுத்துட்டா எழுதவே இல்லாத மாதிரி ஆயிடும். தப்பா எழுதினேன்னு எழுதுங்க. உங்க கையெழுத்தோட."

மறுநாள் அவன் எழுதினான். 'இரண்டாம் வாசிப்பாளரின் எண்ணிக்கை சரியானது. முந்தைய அறிக்கையில் அவர் மிகையாகக் கணக்கிட்டதாக நான் எழுதியது தவறு. அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை.' கடைசி வாக்கியத்தை நீக்கலாமே என்று மருத்துவர் சொன்னார். புள்ளி நீக்கவில்லை. ஒரு பிரதியைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு முறை படித்து, மடித்துப் பைக்குள் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

வீட்டில் அண்ணி பழையபடிதான் பேசினார். சமைத்தார், அண்ணனைத் திட்டினார், படியில் இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி இறங்கப் பழகிக்கொண்டார். ஆனால் புள்ளி மேசைக்கு வந்தால் ஒரு நொடி கை நிற்கும். ஒரு நாள் அவன் உப்பை நகர்த்தி வைத்தபோது, "இதுவும் சோதனையா?" என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவனும் சிரித்தான். இருவருக்கும் அது சிரிப்பாக இல்லை.

கண் போன இருவருக்கும் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் போயிருந்தது. 'மதிப்பீட்டு நடைமுறையில் ஏற்பட்ட இடைவெளி' என்று அதில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர்களில் ஒருவர் கீழ்த்தளக் கிளினிக்குக்கு வந்தார். பள்ளி வேன் ஓட்டுநர். புள்ளி அப்போது சேமித்து வைத்த படங்களைச் சரிபார்க்கக் கீழே வந்திருந்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் ஒரு நோயாளி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டபோது நின்றுவிட்டான். பதினேழு எண்களும் அவனுக்கு மனப்பாடம்.

ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், பக்கத்தில் நின்ற புள்ளியிடம், "நீங்க டாக்டரா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மேல கணக்கு பாக்கறவன்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா? படிச்சேன். புரியலை. உள்ள கேட்டேன், அவரும் இதையே திரும்பச் சொல்றார்."

புள்ளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். "உங்க கண்ணை அஞ்சு மாசம் படம் எடுத்தாங்க. அந்தப் படத்துல ஒரு மூலையை நாங்க சரியா பாக்கலை. அந்த மூலையிலதான் உங்களுக்கு நோய் கூடியிருந்தது. ஒருத்தர் பாத்துச் சொன்னாங்க. அவங்க சொன்னது தப்புன்னு நான் எழுதிட்டேன். அப்பவே கூப்பிட்டிருந்தா உங்க கண்ணு அநேகமா தப்பிச்சிருக்கும்."

ஓட்டுநர் அவனை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். பார்வை இருக்கும் கண் அவன் பக்கம் வரும்படி தலையை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"அஞ்சு மாசமும் வந்தேனே சார். மாசம் தவறாம. ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் பயப்பட வேண்டாம்னு சொன்னாங்க."

"ஆமா."

"நான் வீட்டுக்குப் போய் அதைச் சந்தோஷமா சொன்னேன்."

புள்ளி தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அந்தச் சொல் மிகச் சின்னதாக இருந்தது. ஆனாலும் கேட்டான். ஓட்டுநர் கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தார்.

"வண்டி இப்ப என் மச்சான் ஓட்டுறான்" என்றார். "பிள்ளைங்க எல்லாம் என்னைக் கேக்குதுங்களாம்."

எழுந்து வாசலுக்குப் போனார். புள்ளியும் பின்னாலேயே போனான். தெருவைக் கடக்கும் இடத்தில் அவருடைய பார்வை இல்லாத பக்கமாக வந்து நின்றான்.

"நீங்க போங்க சார், உங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் ஓட்டுநர்.

"பரவாயில்லீங்க."

"போங்க" என்றார் அவர், இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. வண்டிகள் குறையும்வரை நின்று, தலையை இரண்டு பக்கமும் பெரிதாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தனியாகத் தெருவைக் கடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து பஸ் நிறுத்தத்தில் நின்றதைப் பார்த்த பிறகுதான் புள்ளி மூன்றாம் மாடிக்கு ஏறினான். புதிதாகச் சேர்ந்த இரண்டு வாசிப்பாளர்களின் முதல் மாத எண்ணிக்கை அவன் மேசையில் வந்து கிடந்தது.